ஐந்தாம் வீட்டின் வெறும் டிரம்

புது மெஷின் கடைக்குப் போக இன்னும் எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தது. ஒன்பது வேலை நாள், நாளுக்கு எட்டு மணி. தூங்குகிற நேரம், சாப்பிடுகிற நேரம், ஞாயிற்றுக்கிழமை எதையும் அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் நிறைய நேரம் இருப்பதுபோல் ஒரு மயக்கம் வந்துவிடும் என்பாள். அதனால்தான் ஆபீசில் அவளுக்குத் தேதி மேடம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

வாஷிங் மெஷின் தயாரிக்கும் கம்பெனி அது. யார் எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கட்டம் போட்டு, யாரும் கட்டம் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மூன்று மாடல்களை இப்படிக் கரை சேர்த்திருந்தாள். கடைசி நாள் முடிந்ததும் சுவரில் இருக்கும் அட்டவணையைக் கிழித்துவிட்டு அடுத்ததை ஒட்டுவாள். அந்த மூன்றும் யார் வீட்டுக்குப் போயின, அங்கே என்ன துவைத்தன என்று அவளுக்குத் தெரியாது. அவள் குடியிருந்த அறையில் மெஷின் வைக்க இடம் கிடையாது. பக்கெட்டில் ஊறவைத்துக் கையால்தான் துவைத்தாள்.

நாலாவது மாடல்தான் பிடிவாதம் பிடித்தது. ஏற்கெனவே இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது முறை தள்ளினால் மாடலையே மூட்டை கட்டிவிடுவேன், உங்கள் ஆட்களை ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பிவிடுவேன் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

அந்த மாடலில் இரண்டு புதுமைகள். ஒன்று, துவைக்கும்போது சத்தமே வராது. கடைசியில் துணியைப் பிழியச் சுற்றும்போது மட்டும் இரைச்சல் கேட்கும். இன்னொன்று, போட்ட துணியை மெஷினே எடை பார்த்து, அதற்குத் தகுந்த தண்ணீரை எடுத்துக்கொள்ளும். எடை பார்க்க உள்ளே ஒரு சென்சார். ஒன்பது வீடுகளுக்குச் சோதனைக்காகத் தலா ஒரு மெஷின் கொடுத்திருந்தார்கள். எந்த வீட்டில் எவ்வளவு துணி போட்டு ஓட்டினார்கள் என்று ஆபீஸ் சுவரில் இருந்த திரையில் தெரியும். எடை சரியாகப் பதிவானால் பச்சைப் புள்ளி. இல்லாவிட்டால் சிவப்பு.

எட்டு வீடுகள் பச்சைப் பசேலென்று இருந்தன. ஐந்தாம் வீட்டில் மட்டும் மத்தியானமானால் சிவப்பு கொட்டியது. மூன்று வாரமாக இதே கதை. எடை: ஒன்றுமில்லை. ஓடியது: பிழிவது மட்டும். ஒரு முறை முடிந்ததும் இன்னொரு முறை, அதற்கப்புறம் இன்னொரு முறை.

"வெறும் டிரம்மைப் பிழிஞ்சா என்ன வரும்?" என்றார் மூளைக்காரர். மெஷினுக்குள் போகும் மூளையை, அதாவது புரோகிராமை, எழுதுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"காத்து வரும்," என்றான் சந்தேகம்.

சந்தேகம் அங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முன்பு ஒரு கடையில் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவன். இப்போது இந்த மெஷின் எப்படி இருக்க வேண்டும், யாருக்கு உதவ வேண்டும் என்று முடிவு செய்வது அவன் பொறுப்பு. எந்தக் கூட்டத்திலும் எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில், "எனக்கு ஒரு சந்தேகம்," என்பான். எழுந்தவர்கள் மறுபடி உட்காருவார்கள்.

டைரக்டர் திரையைப் பார்த்தார். "அந்தச் சிவப்பு இருக்கிற வரைக்கும் என் கையெழுத்து கிடையாது. சென்சார் கெட்டிருந்தா மாத்துங்க. அவங்களே வெறும் மெஷினை ஓட்டுறாங்கன்னா, அதை அவங்க வாயால சொல்லட்டும்."

சென்சாரை மாற்ற இரண்டு மாதம் ஆகும். அப்படியென்றால் தேதி போனது போனதுதான். அவள் ஐந்தாம் வீட்டுக்குப் போன் செய்தாள். ஒரு மருந்துக்கடைக்காரரின் வீடு. அவர் மனைவி எடுத்தார்.

"வெறும் மெஷினை ஓட்டுறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? கரண்ட் பில்லை நீங்களா கட்டுவீங்க?"

"வீட்டுல வேற யாராவது..."

"வேற யாரும் அதைத் தொடவே மாட்டாங்கம்மா. நான் ஒருத்திதான் இந்த வீட்டுல துவைக்கப் பிறந்தவ."

போன் வைக்கப்பட்டது. மூளைக்காரர்தான் வழி சொன்னார். டிரம்முக்குள் துணி இல்லையென்றால் மெஷின் ஓடவே கூடாது என்று மூளையில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். இங்கே உட்கார்ந்தபடியே ஒன்பது மெஷினுக்கும் அனுப்பிவிடலாம். சாயந்திரம் ஐந்து மணிக்குத் தயார்.

"அப்புறம் சிவப்பு வராது," என்றாள் அவள். போன உயிர் திரும்பி வந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கேளுங்க."

"சிவப்பு வராது, சரி. காரணம் அங்கேயே இருக்குமே? சென்சார் நெஜமாவே கெட்டிருந்தா? நாளைக்கு அந்தம்மா மெஷின் நிறையத் துணியைத் திணிப்பாங்க. இது 'உள்ளே ஒண்ணுமில்லை'ன்னு சொல்லிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும்."

அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். முடியவில்லை.

"போய்ப் பாத்துட்டு வந்துடலாம் மேடம். ஒரே ஒரு தடவை."

"அட்டவணையில அப்படி ஒரு கட்டமே இல்லையே."

"கட்டம் இல்லாத இடத்துல கொஞ்சம் காத்து வாங்குவோம், வாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். மடியில் இருந்த பையில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் ஆடின. எடை தெரிந்த தண்ணீர், சென்சாரைச் சோதிக்க.

"நம்ம ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு நேத்து என் பொண்டாட்டி கேட்டா," என்றான் சந்தேகம். "ரெண்டு பேரும் ஒரே மெஷினுக்குத்தானே அடிச்சுக்கிறீங்கன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரயிலை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்குறது மேடத்தோட வேலை. அந்த ஊருக்கு எதுக்குப் போறோம்னு கேக்குறது என் வேலைன்னு சொன்னேன்."

"கேட்டு முடிக்கிறதுக்குள்ள ரயில் போயிடும். நீங்க பிளாட்ஃபார்ம்ல நின்னு கையாட்டிட்டு இருப்பீங்க."

"அவளும் அதேதான் சொன்னா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "எனக்கு ஒரு கடைசி நாள் இருக்கு. அன்னிக்குக் கையைக் கழுவிட்டுத் தூங்குவேன். உங்களுக்கு எப்போ முடியும்?"

அவன் யோசித்தான். "கடையில வித்துட்டு இருந்தப்போ, பில் போட்டதும் முடிஞ்சுதுன்னு நினைப்பேன். மறுநாள் அந்த ஆளே வந்து நிப்பான். இந்தப் பட்டன் எதுக்கு, இது ஏன் இப்படி ஆடுதுன்னு. இப்பவும் அப்படித்தான். யார் வீட்டுலயோ அது ஓடுற வரைக்கும் எனக்கு முடியாது."

"பாவம் நீங்க."

"நீங்க விட்ட மெஷின் ஓடுறதை நீங்க பாத்திருக்கீங்களா?"

சோதனைக் கூடத்தில் பார்த்திருந்தாள். ஒரு வீட்டில் பார்த்ததில்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் வெளியே பார்த்தாள்.

ஐந்தாம் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி கதவைத் திறந்துகொண்டே பேச ஆரம்பித்தார்.

"நீங்கதானா போன்ல பேசினது? குரலைக் கேட்டு வயசானவங்கன்னு நினைச்சேன். உக்காருங்க. தம்பி, ரெண்டு பேருக்கும் தண்ணி கொண்டா. எங்க வீட்டுக்காரரோட தம்பி இவன்."

வாசலை மறைக்கிற உயரத்தில் ஒருவன் எழுந்து நின்று சிரித்தான். இருபத்தைந்து வயது இருக்கும். அவர்களைப் பார்த்து, "வா... வா..." என்றான்.

"வாங்கன்னு சொல்றான்," என்றார் அவன் அண்ணி.

அவன் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனான்.

"கொஞ்சம் திக்கும். சின்ன வயசுலேர்ந்தே. நல்ல பிள்ளை, கடையில பின்பக்கம் பெட்டி எல்லாம் அவன்தான் அடுக்குறான். காலையிலேயே வேலையை முடிச்சுட்டு வந்துடுவான். முன்னாடி நிக்க ஆசைதான். ஆனா காய்ச்சலோட வந்து நிக்கிறவங்க இவன் மாத்திரை பேரைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் தாங்குவாங்களா?"

தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு அது கேட்டிருக்கும். வீடு அவ்வளவு சின்னது.

"மெஷின் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டான் சந்தேகம்.

"அதை ஏன் கேக்குறீங்க! ஊமை. ஓடுதா இல்லையான்னு கையை வச்சுப் பாக்க வேண்டியிருக்கு. பழசு ஓடுனா கீழ்வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்க. இப்ப அவங்களுக்கும் போர் அடிக்குது போல."

தேதி மேடத்துக்குக் காது குளிர்ந்தது. அந்த ஊமைத்தனத்துக்காக எத்தனை கட்டங்களை அவள் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறாள்!

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சந்தில் மெஷின் நின்றது. அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மெஷினோடு தோள் உரசுகிற மாதிரி போட்டிருந்தது.

"இது எதுக்கு?" என்றான் சந்தேகம்.

"யாருக்குத் தெரியும்? தினமும் எடுத்து ஹால்ல போடுறேன். மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்துட்டு, அவர் சாப்பிடுற வரைக்கும் கடையைப் பாத்துட்டு வந்தா, மறுபடி இங்கே நிக்குது. கால் முளைச்சிடுச்சு போல."

அவள் பையைத் திறந்தாள். ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றி டிரம்முக்குள் வைத்தாள். கைபேசியில் எடை தெரிந்தது: சரி. இரண்டு பாட்டில்: சரி. ஈரத்துண்டு மட்டும்: சரி. எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். ஒன்றுமில்லை என்று காட்டியது. அதுவும் சரி. நாலு முறை மாற்றி மாற்றிப் பார்த்தாள். சென்சார் ஒரு துளிகூடப் பிசகவில்லை.

"சென்சார் நல்லா இருக்கு," என்றாள். நெஞ்சில் இருந்த பாறை இறங்கியது.

அண்ணியின் முகம் மாறியது. "அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க."

"மெஷின் யோக்கியம், நான் அயோக்கியமா? இவ்வளவு பெரிய பையைத் தூக்கிட்டு வந்து என் வீட்டுலயே என்னை நிறுத்தி வச்சுக் கேக்குறீங்களே!"

"நீங்க ஓட்டலைன்னா ஓட்டலைதாங்க. விடுங்க. இன்னிக்கு சாயந்திரத்தோட இது முடிஞ்சிடும். ஆபீஸ்லேர்ந்தே ஒரு மாற்றம் அனுப்புறோம். உள்ளே துணி இல்லைன்னா இனிமே மெஷின் ஓடவே ஓடாது."

"அப்பாடா. முதல்ல அதைச் செய்ங்க."

தட்டில் இரண்டு டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. கொழுந்தன் சந்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் தட்டில் சிந்தியிருந்தது. அவன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஊருக்குக் கிளம்பிவிட்ட ஒருவரைப் பார்ப்பதுபோல.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டாள். அப்போது கைபேசி அடித்தது. மூளைக்காரர்.

"மேடம், ரெடி. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே. அனுப்பிடட்டுமா?"

அனுப்பலாம். சென்சார் சரி என்று தெரிந்துவிட்டது. இனிமேல் இந்த மாற்றத்தால் யார் துணிக்கும் ஆபத்தில்லை. சிவப்பு நின்றுவிடும், கையெழுத்து கிடைக்கும், தேதி தள்ளிப்போகாது, அவள் ஆட்கள் ஒரே அறையில் இருப்பார்கள். அவள் கேட்டதெல்லாம் கைக்கு வந்திருந்தது. சந்தேகத்தைப் பார்த்தாள். எப்போதும் வாயைத் திறக்கிற அந்த இடத்தில் இன்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இருங்க," என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியல."

"மேடம், நீங்கதானே பேசுறது?"

அவள் போனை வைத்தாள். கீழ்வீட்டிலிருந்து யாரோ படியில் நின்று கூப்பிட்டார்கள். "வந்துட்டேன் வந்துட்டேன்," என்று அண்ணி வெளியே போனார். சந்தில் மூன்று பேர் மட்டும் நின்றார்கள்.

"நீங்களா?" என்று அவள் கொழுந்தனிடம் கேட்டாள்.

"நா... நா..."

கழுத்து நரம்பு புடைத்தது. அவள் வழக்கமாக இப்படிக் காத்திருக்கிறவள் இல்லை. கூட்டங்களில் யாராவது இழுத்தால் அவளே முடித்து வைத்துவிடுவாள். இப்போது வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு நின்றாள். அவன் இன்னொரு முறை முயன்றான். முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை. கையை உதறினான். பிறகு குனிந்து வெறும் டிரம்மின் கதவை மூடினான். குமிழைப் பிழியும் பக்கம் திருப்பினான், பட்டனை அழுத்தினான். ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் காதை மெஷினின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டான்.

டிரம் மெதுவாகச் சுற்றியது. அப்புறம் வேகம் பிடித்தது. சின்னச் சந்து முழுக்க இரைச்சல் ஏறியது. சோதனைக் கூடத்தில் கேட்டபோது இது இவ்வளவு பெரிதாக இல்லை. அங்கே கூரை உயரம். இங்கே சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்தது.

அவன் உதடுகள் அசைந்தன.

அவளுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்தாள். மாத்திரைப் பெயர்கள். நாக்கு முடிச்சுப் போட்டுக்கொள்கிற மாதிரி நீளமான பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, தடங்கல் இல்லாமல் வந்தன. காலையில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று, வெறும் வயிற்றில் கூடாது. எதிரே யாரோ காய்ச்சலோடு நிற்பதுபோல் கனிவாகச் சொன்னான். "மூணு நாள்ல சரியாகலைன்னா டாக்டரைப் பாருங்கம்மா," என்றான்.

சந்தேகம் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"பழைய மெஷின்லயும் இப்படித்தானா?" அவள் சத்தமாகக் கேட்டாள்.

"அது துவைக்கும்போதே கத்தும்," என்றான் கொழுந்தன், இரைச்சலுக்குள்ளிருந்து. "அண்ணி துணி போட்டாலே போதும். பக்கத்துல வந்து உக்காந்துப்பேன். நீங்க இதை வாயைக் கட்டி அனுப்பிட்டீங்க. பிழியும்போது மட்டும்தான் வாயைத் திறக்குது."

குறை சொல்கிற குரலில்லை. அவள்தான் கூனிக்குறுகிப் போனாள். ஊமைத்தனத்துக்காகப் போட்ட கட்டங்கள் எல்லாம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயின. அவற்றில் எந்தக் கட்டமும் தப்பில்லை. ஒன்பது வீட்டில் எட்டு வீடு சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்த ஸ்டூலுக்கு எந்த அட்டவணையிலும் இடம் இருந்திருக்காது. அவளுக்கு அது விசித்திரமாக இருந்தது. ஒரு மெஷினை முழுசாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவள் தேதி குறித்திருக்கிறாள்.

"அண்ணிகிட்ட ஏன் சொல்லல?"

அவன் பதில் சொல்ல ஆரம்பித்தான். அதற்குள் முகப்பில் இருந்த எண் தீர்ந்துவிட்டது. டிரம் சோர்ந்தது. இரைச்சல் வடிய வடிய அவன் பேச்சும் தடுமாறியது. "மெ... மெஷின் நி... நி..." என்று வந்து நின்றுவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அண்ணி திரும்பி வந்துவிட்டார்.

தேதி மேடம் கையை நீட்டிப் பட்டனை அழுத்தினாள். ஆபீஸ் சுவரில் இந்த நேரத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி விழும், டைரக்டர் அதைப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். விழட்டும் என்று இருந்தது. டிரம் வெறுமையாகச் சுற்றத் தொடங்கியது.

"இன்னுமா முடியல?" அண்ணி சந்துக்கு வந்தார். "ஐயய்யோ, யாரு இதை வெறுமே ஓட்டுறது? தம்பி, நீ ஏன் அங்கே உக்காந்திருக்கே? அவங்க வேலை செய்யட்டும், எழுந்திரு."

அவன் எழுந்திருக்கவில்லை. இரைச்சல் உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருந்தான். காதை மெஷினோடு அழுத்திக்கொண்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தான். "அ..." என்று உதடு பிரிந்ததும், பாதியிலேயே பிடித்து முடித்து வைக்க அண்ணி பழக்கத்தில் வாயைத் திறந்தார். முடிப்பதற்கு அங்கே பாதி எதுவும் மிஞ்சவில்லை.

"அண்ணி, மூணு வாரமா வெறும் மெஷினை ஓட்டுறது நான்தான். இந்தச் சத்தத்துல என் குரல் எனக்குக் கேக்காது. கேக்கலைன்னா எனக்குத் திக்காது."